கடைமடைக்குப் போகிற காற்று

பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டி காரையாறு ரோட்டில் ஏறும்போது மாமா எப்போதும் மூன்றாவது கியரில்தான் போவார். அன்றைக்கு இரண்டாவதுக்கு இறக்கினார். இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வேனில் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற 14 பேர் இருந்தார்கள். பொங்கல் பானை, விறகுக் கட்டு, இரண்டு குடம், கைக்குழந்தை ஒன்று. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறும்புகை. அடுத்த வளைவில் மறுபடியும் இரண்டாவது. பின்சீட்டில் இருந்த பெரியவர், “என்ன டிரைவர், வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வண்டியின் நெஞ்சில் இருந்த கோளாறு நான் செய்து மாட்டியது.

கொரோனா முடிந்து வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டு வாசலில் நின்ற வேன். மாமா தவணை கட்ட அத்தையின் வளையலை வைத்திருந்தார். ஓட ஆரம்பித்த இரண்டாம் மாதம் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டது. புதுசு வாங்குகிற நிலையில் அவர் இல்லை. “மருமவனே, நீ இந்தச் சாமான் செய்ற கம்பெனியிலதான இருந்த? ஒரு வழி சொல்லேன்” என்றார்.

இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம். தரக்கட்டுப்பாடு. ஒரு நாளைக்கு எத்தனை எண்ட் டேங்க் என் கையில் ஏறி இறங்கியிருக்கும் என்று எனக்கே கணக்கில்லை. வரைபடத்தில் இருக்கிற அளவும் கையில் இருக்கிற பொருளின் அளவும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. வெர்னியர், கேஜ், பச்சை முத்திரை, சிவப்பு முத்திரை. அந்த வடிவம் ஏன் அப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை.

*

இன்டர்கூலர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.

டர்போ என்பது புகைக்குழாயில் வீணாகப் போகிற வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற ஏற்பாடு. ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றை அமுக்கினால் அது சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்ப்பின் அடிப்பாகம் சுடுவது தெரியும். 30 டிகிரியில் உள்ளே போகிற காற்று இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு வரும்போது, அமுக்குகிற சக்கரத்தின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், கணக்குப்படி 120 டிகிரியைத் தாண்டிவிடும். சுட்ட காற்று விரிந்து கிடக்கும். அதே இடத்தில் அளவில் குறைவாகத்தான் அடங்கும். அதை 55 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதே அழுத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். கூடுதல் காற்று இருந்தால் டீசல் முழுசாக எரியும். குறைந்தால் கறும்புகை.

இந்தக் குளிர்விக்கிற வேலையைச் செய்வதுதான் இன்டர்கூலர். வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். நடுவில் வரிசையாகத் தட்டையான குழாய்கள், அவற்றுக்கிடையே மடிப்பு மடிப்பாக அலுமினிய இதழ்கள். இதற்குப் பெயர் கோர். இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் டர்போவிலிருந்து வருகிற சூடான காற்று நுழைந்து எல்லாக் குழாய்களுக்கும் பிரியும். எதிர்ப்பெட்டியில் கூடி எஞ்சினுக்குப் போகும். அந்த இரண்டு பெட்டிகள்தான் எண்ட் டேங்க்.

விரிசல் விட்ட டேங்க் பார்க்க விநோதமாக இருந்தது. காற்று நுழைகிற கீழ்ப்பக்கம் ஆழமாக, மேலே போகப் போக ஒடுங்கி, முதுகு சரிந்து, ஒரு கூன் விழுந்த உருவம். எதிர்ப்பக்கத்து டேங்க் அதையே தலைகீழாகப் பிடித்ததுபோல. கீழே ஒல்லி, காற்று வெளியே போகிற மேல்பக்கம் பருமன். ஹெட்லைட்டுக்கு இடம் விடவோ, பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்கவோ இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நம்மிடம்தான் இடம் இருக்கிறதே. எதற்குக் கூன்?

அலுமினியத் தகட்டில் இரண்டு பெட்டி வரைந்தேன். நேரான, சதுரமூலைப் பெட்டி. உள்ளே இடம் அதிகம், காற்று தாராளமாகத் தங்கிப் பிரியும் என்பது என் எண்ணம். திருநெல்வேலியில் ஒரு ஆர்கான் வெல்டிங் கடையில் கொடுத்தேன். தையல் போட்டதுபோல அழகாகப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். மாட்டினோம். கசிவே இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. மாமா என் தோளில் தட்டி, “எஞ்சினியரு எஞ்சினியருதான்” என்றார். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எதற்கும் எதுவும் சொல்கிற ஆள் இல்லை.

*

கோயிலுக்குப் போய்வந்த ராத்திரி மாமா வீட்டுக்கு வந்தார். அவர் என்னிடம் பேசவில்லை, அப்பாவிடம் பேசினார்.

“அத்தான், வண்டி சமதளத்துல ஓடுது. ஏத்தத்துல மூச்சு வாங்குது. டர்போ கத்துது, இழுவை வரல. அடுத்த மாசம் பூரா கோயில் டிரிப்பு.”

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். “காலைல கிரில்லக் கழத்திட்டு வா மாப்ள. நானும் வாரேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சைக்கிள் தவிர வேறு வண்டி ஓட்டியவர் இல்லை.

மறுநாள் ஆளில்லாத வேனில் மூன்று பேர் ஏறினோம். பழைய டயர், மணல் மூட்டை என்று பாரத்துக்கு எதையோ போட்டிருந்தார் மாமா. ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏறிய ஒரு இடத்தில், “நிப்பாட்டு, ஆஃப் பண்ணு” என்றார் அப்பா. இறங்கி முன்பக்கம் போனார். கோரின் மேல், காற்று வெளியேறுகிற பக்கத்து ஓரமாக, மேலிருந்து கீழாகப் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறதுபோல. பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

மேல் வரிசைகள் சுட்டன. கை வைக்க முடியவில்லை. பாதிக்குக் கீழே வெதுவெதுப்பு. அடி வரிசைகள் சும்மா தகடுபோல இருந்தன.

“மேல உள்ளவன்தான் வேலை பாக்கான். கீழ உள்ளவன் சும்மா நிக்கான்” என்றார். பிறகு, “டக்ட்ட இப்படி நேரா அடிச்சிருந்தா எங்க மேஸ்திரி கொன்னுருப்பாரு” என்றார்.

“எந்த டக்ட்டு?”

“மில்லு டக்ட்டுதான்ல. நீ பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, மில் சங்கு கேட்டு எழுந்து, சங்கு கேட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதன் உள்ளே அப்பா என்ன செய்தார் என்று கேட்டதில்லை.

*

எங்கள் ஊருக்கு மில் வந்ததே ஓடுகிற ஒன்றைத் திருப்பிவிடுகிற வித்தையால்தான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை கட்ட வந்த காரணம் தாமிரபரணி மலையிலிருந்து விழுகிற வேகம். ஆற்றை ஒரு பக்கம் திருப்பி, விழவிட்டு, அந்த விசையில் கதிர் சுழற்றினார்கள். டர்பைன் என்ற சொல் எங்கள் ஊரில் மின்சாரத்துக்கும் முந்தியது. பிறகு மேலே 143 அடி அணை வந்தது, மின்நிலையம் வந்தது. ஹார்வி மில் கோட்ஸ் ஆனது.

அப்பா அதில் ஈரப்பதம் காக்கிற பிரிவில் இருந்தார். பஞ்சும் நூலும் காற்றின் ஈரத்துக்கு அடங்கியவை. ஈரம் குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதனால் வெளிக்காற்றை நீர்த்தூவலுக்குள் விட்டு, நனைத்து, பெரிய விசிறியால் தள்ளி, கூரையோரமாக ஓடுகிற தகரக் குகை வழியாக மண்டபம் பூராவும் இறக்குவார்கள். அந்தக் குகைதான் டக்ட். விசிறிப் பக்கம் ஆள் நுழைகிற அகலம். ஒவ்வொரு வாயில் இறங்க இறங்க, அடுத்த துண்டு ஒரு அளவு சின்னது. கடைசியில் ஒரு பெட்டி அளவுக்கு ஒடுங்கிவிடும்.

“ஏன் ஒடுங்குது?” என்று அந்த மலைரோட்டில் நின்று கேட்டேன். 34 வயதில் அவருடைய வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி.

“ஒடுக்கலேன்னா காத்து முன்னால உள்ள வாயெல்லாம் உட்டுட்டு ஓடிரும். கடேசில போயி மோதி அங்கன பூரா இறங்கும். கடேசில நிக்கிற மெசின்காரன் தடுமம் பிடிச்சுக் கெடப்பான், முன்னால உள்ளவனுக்கு நூலு அத்துக்கிட்டே இருக்கும்.”

இது எனக்குத் தலைகீழாகப் பட்டது. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவனுக்குத் தலைமடைக்குத் தண்ணீர், கடைமடைக்குச் சண்டை என்பதுதான் கணக்கு. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. மேலே இருக்கிற நாங்கள் நனைந்த காலோடு நிற்கும்போது, கீழே தூத்துக்குடிப் பக்கம் தண்ணீர் கேட்டு மனு கொடுப்பார்கள். காற்றில் மட்டும் எப்படிக் கடைமடை கொழுக்கும்?

*

அன்று ராத்திரி கல்லூரிப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். படித்த பாடம்தான். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அப்போது அது ஒரு வாய்பாடு.

வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக, தரையை உரசி உரசிப் போகிறது. நீளம் கிலோமீட்டர்க் கணக்கு. வழியெல்லாம் உரசல் தின்கிறது, மண் உறிஞ்சுகிறது, மடை திறப்பவன் எடுத்துக்கொள்கிறான். கடைசிக்குப் போய்ச் சேர்வது மிச்சம். எண்ட் டேங்கின் உயரமோ ஒரு முழம். அதில் உரசல் பெரிய விஷயமில்லை, வேகம்தான் விஷயம். ஒவ்வொரு குழாயும் தன் பங்கை எடுக்க எடுக்க, டேங்கில் மிஞ்சுகிற காற்றின் அளவு குறைகிறது. டேங்க் ஒரே அகலத்தில் இருந்தால் வேகமும் குறைகிறது. உரசலில் போகாத வேகம் அழுத்தமாக மாறும். ஆக நுழைவாயிலுக்குப் பக்கத்தில் வேகம் அதிகம், பக்கவாட்டில் தள்ளுகிற அழுத்தம் குறைவு. தூரத்தில் வேகம் செத்து அழுத்தம் கூடுகிறது. கடைக்குழாய்கள் கொழுக்கின்றன.

எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். என் வண்டியில் நுழைவு இடது கீழ், வெளியேற்றம் வலது மேல். வெளியே போகிற டேங்கில் காற்று சேரச் சேர வேகம் கூடி, வாசலுக்குப் பக்கத்தில், அதாவது மேலே, அழுத்தம் குறைகிறது. இந்தப் பக்கம் மேலே தள்ளுகிறது, அந்தப் பக்கம் மேலே இழுக்கிறது. மேல் குழாய்களுக்கு இரண்டு பக்கமும் லாபம். நுழைவும் வெளியேற்றமும் இரண்டுமே கீழே இருந்திருந்தால் ஒன்றின் பாகுபாட்டை மற்றது கொஞ்சம் சரிக்கட்டியிருக்கும்.

அப்படியானால் பெரிய பெட்டி நல்லதுதானே, இடம் பெருகினால் வேகம் குறையுமே என்று அப்போதும் மனசு வாதாடியது. இதற்கு விடை புத்தகத்தில் இல்லை, மாமாவின் வயலில் இருந்தது. பம்ப்செட் தொட்டியில் குளித்தவர்களுக்குத் தெரியும். குழாயிலிருந்து பாய்கிற தண்ணீர் தொட்டி பெரிசு என்று உடனே பரவி நிற்பதில்லை. கட்டியாகவே பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதும். இரண்டு மூலையிலும் தண்ணீர் வட்டம் போட்டுக்கொண்டு கிடக்கும். நாம் விட்ட சோப்பு நுரை அந்த மூலையில் அரைமணி நேரம் சுற்றும், வெளியே போகாது. என் சதுரப் பெட்டிக்குள் காற்று அப்படித்தான் செய்திருக்கிறது. கீழிருந்து கட்டியாகப் பாய்ந்து, அடி வரிசைக் குழாய்களின் வாயைத் தாண்டி, மேல்தகட்டில் மோதி, மேல் வரிசைகளுக்குள் புகுந்திருக்கிறது. அடியில் நுரை சுற்றியிருக்கிறது.

இதில் இரண்டு நஷ்டம். ஒரு குழாயில் இரண்டு மடங்கு காற்று போனால் அது இரண்டு மடங்கு குளிர்விக்காது. சூட்டோடு வெளியே தள்ளும். பட்டினி கிடக்கிற குழாயில் போகிற கொஞ்சம் காற்று பாதி வழியிலேயே வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். மீதி நீளம் வேலையில்லாமல் நிற்கும். இரண்டும் கலந்து எஞ்சினுக்குப் போவது சூடான காற்றுதான். அடுத்தது, நெரிசலில் போகிற காற்றுக்கு அழுத்த இழப்பு அதிகம். வேகம் இரட்டித்தால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. டர்போ பாடுபட்டு ஏற்றியதை டேங்க் தின்றுவிடுகிறது. மாமா சொன்னது சரி. டர்போ கத்தும், இழுவை வராது.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா இன்டர்கூலரிலும் டேங்கின் வடிவம் இவ்வளவு பழிவாங்காது. குழாய்க்குள் இதழ் நெருக்கமாக இருக்கிற, மூச்சு இறுக்கமான கோரில் காற்று உள்ளே நுழையவே சிரமப்படும். அந்தச் சிரமமே அதை எல்லாக் குழாய்க்கும் பரப்பிவிடும். கூட்டம் அதிகமானால் எல்லா கவுண்டரிலும் வரிசை நிற்கிற மாதிரி. எளிதாக மூச்சுவிடுகிற கோரில்தான் டேங்கின் குறை அப்பட்டமாகத் தெரியும். எங்கள் வண்டியில் இருந்தது அந்த ரகம்.

*

இரண்டாவது டேங்கை அப்பாவும் நானும் சேர்ந்து வரைந்தோம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஒட்டி, மாமாவின் வேன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பிடித்துப் பார்த்துப் பார்த்து. அவர் வெட்டினது கூன் விழுந்த அதே உருவம். கம்பெனியில் நான் ஆறு வருஷம் பச்சை முத்திரை குத்திய உருவம்.

நுழைகிற குழாய் டேங்காக விரிகிற இடத்தில்தான் சிக்கல் வந்தது. காற்று சுவரை விட்டுப் பிரியாமல் விரிய வேண்டுமானால் மொத்தக் கோணம் ஏழெட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பாடம். 5 சென்டிமீட்டர் குழாய் 10 சென்டிமீட்டராக விரிய அந்தக் கணக்கில் 40 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். வண்டியின் மூக்கில் இருந்தது ஒரு சாண். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“நடுவுல தகடு வையி” என்றார் அப்பா. “வளைவுல நாங்க அப்படித்தான் வைப்போம். காத்து வந்த வழியிலயே போகத்தான் பாக்கும். அதுக்குப் புத்தி கிடையாது. நாமதான் கையப் பிடிச்சுத் திருப்பணும்.”

உள்ளே இரண்டு சின்னத் தகடுகள். வருகிற காற்றை மூன்று கீற்றாகப் பிரித்து, ஒன்றை அடி வரிசைக்கு, ஒன்றை நடுவுக்கு, ஒன்றை மேலே. ஒவ்வொரு கீற்றும் தன் அளவில் கொஞ்சம்தான் விரிய வேண்டியிருக்கும், ஆகவே சுவரை விட்டு ஓடாது. புத்தகத்திலும் இது இருக்கிறது. அவர் புத்தகம் பார்த்ததில்லை.

வெல்டிங் கடையில் பழைய பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான இருக்கு, எதுக்குக் கழத்துதிய?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அப்பா, “அளவு கொஞ்சம் மாறிப்போச்சு” என்றார்.

மறுபடி ஏற்றம். மறுபடி அதே இடத்தில் நிறுத்தி, புறங்கை. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே சூடு. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கொசுறு. அப்பா தலையை ஆட்டினார். மாமா மூன்றாவது கியரில் போனார். ஒரே ஒரு கொண்டைஊசியில் இரண்டாவது, அது முன்பும் இரண்டாவதுதான். புகை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கண்ணாடியில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மாதத்து டிரிப்புகள் ஓடின. அத்தையின் வளையல் தை மாசம் வீட்டுக்கு வந்தது.

*

கல்லூரியில் சேர்ந்தபோது அப்பாவின் தொழில் என்று கேட்ட கட்டத்தில் நான் ‘டெக்னீஷியன்’ என்று எழுதினேன். ‘மில் தொழிலாளி’ என்று எழுதக் கை வரவில்லை. அவர் பக்கத்தில்தான் நின்றார். படித்தாரா இல்லையா என்று தெரியாமல் பல வருஷம் எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. அந்த மலைரோட்டில் திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன்.

“படிச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். “தப்பா என்ன எழுதிட்ட? அதான நான்?”

நான் எழுதியது பொய். அவர் அதை உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அல்லது எனக்காக அப்படிச் சொன்னார். எதுவானாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. மாமா ஹார்ன் அடித்து ஒரு குரங்கை விரட்டினார்.

இப்போது வேறொரு கம்பெனியில், மறுபடியும் தரக்கட்டுப்பாடுதான். டேங்கைக் கையில் எடுத்தால் வெர்னியரை வைப்பதற்கு முன் உள்ளே ஒரு விரலை விட்டு, சரிவைத் தடவிப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. வார்ப்பில் அந்தச் சரிவில் ஒரு மேடு இருந்தால், அளவு எல்லைக்குள் இருந்தாலும், வடிவமைப்புப் பிரிவுக்குப் போய்க் கேட்கிறேன். முதலில் எரிச்சல்பட்டார்கள். இப்போது நாற்காலி போடுகிறார்கள்.

கழற்றிய சதுரப் பெட்டிகள் இரண்டும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கின்றன. அம்மா ஒன்றில் மண் நிரப்பிப் புதினா வைத்திருக்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பா அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பை ஒரே இடத்தில் சாய்க்காமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தி நகர்த்தி ஊற்றினார். என்னைப் பார்த்ததும், “மூலைக்குத் தண்ணி போவ மாட்டேங்குதுல இதுல” என்றார்.